மார்ட்டின் ஷ்க்ரெலி: லாபம், புகழ், முதலாளித்துவம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாத்திரையின் விலையை 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்கு ஏற்றியவர் என்று சொன்னால் போதும், பெயர் மறந்தவர்களுக்கும் ஆள் யாரென்று நினைவுக்கு வந்துவிடும். பேச்சு வந்தாலே இரண்டு கட்சி. பணப்பேய் என்பார்கள் ஒரு பக்கம். எல்லா மருந்துக் கம்பெனியும் செய்வதைத்தான் செய்தார், என்ன, வாயைத் திறந்து சொல்லிவிட்டார் என்பார்கள் மறுபக்கம். இரண்டு தரப்பிலும் தகவல் குழப்பம் நிறைய. முக்கியமாக, அவர் எதற்காகச் சிறைக்குப் போனார் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் தப்பாகத்தான் சொல்வார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி பதில்.

யார் இந்த ஷ்க்ரெலி?

1983-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். பெற்றோர் அமெரிக்காவில் குடியேறிய அல்பேனியர்கள். கட்டடங்களில் துப்புரவு வேலை பார்த்துக் குடும்பம் நடத்தியவர்கள். பையன் கெட்டிக்காரன். 17 வயதிலேயே ஒரு வால் ஸ்ட்ரீட் முதலீட்டு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பரூக் கல்லூரியில் வணிகம் படித்து 2004-இல் பட்டம் வாங்கினார். மருத்துவமோ வேதியியலோ முறையாகப் படிக்கவில்லை, ஆனால் மருந்து நிறுவனங்களின் பங்குகளை அலசுவதில் ஆள் கில்லாடி.

2006-இல் முதல் முதலீட்டு நிதி, 2009-இல் இரண்டாவது. இரண்டுமே ஊற்றி மூடிக்கொண்டன. 2011-இல் ரெட்ரோஃபின் என்ற மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். 2014-இல் அதன் இயக்குநர் குழுவே அவரை வெளியேற்றியது. 2015-இல் டூரிங் பார்மசூட்டிகல்ஸ். உலகத்துக்கு அவர் தெரியவந்தது இந்தக் கடைசி நிறுவனத்தால்தான்.

டாராப்ரிம் என்பது என்ன மருந்து? புதிதாகக் கண்டுபிடித்ததா?

இல்லை. 1953-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மாத்திரை. உள்ளே இருப்பது பைரிமெத்தமைன். கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இருவரும் 1988-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இது இருக்கிறது.

டாக்சோபிளாஸ்மோசிஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றுக்கு இதைக் கொடுப்பார்கள். பூனைக் கழிவு, சரியாக வேகாத இறைச்சி வழியாகப் பரவும் கிருமி. உடல்நலத்தோடு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வந்ததே தெரியாது. எய்ட்ஸ் நோயாளிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கருவில் இருக்கும்போதே தொற்று வந்த குழந்தைகள் ஆகியோருக்குத்தான் ஆபத்து. மூளையைத் தாக்கும், கண்ணைப் பறிக்கும், சிகிச்சை தாமதித்தால் உயிரையும் எடுக்கும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பேருக்குத்தான் இந்த மாத்திரை தேவைப்பட்டது. இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் சாவி இங்கேதான் இருக்கிறது.

விலை உண்மையில் எவ்வளவு ஏறியது? சிலர் 13.50 என்கிறார்கள், சிலர் 17.50 என்கிறார்கள்.

செய்தித்தாள்களில் வந்தது 13.50. பின்னால் அரசு தொடுத்த வழக்கின் ஆவணங்களில் இருப்பது 17.50. எதை எடுத்தாலும் சேருமிடம் 750 டாலர்தான். முதல் கணக்குப்படி 5,000 சதவீதத்துக்கு மேல், இரண்டாவது கணக்குப்படி 4,000 சதவீதத்துக்கு மேல்.

சதவீதத்தில் பார்த்தால் உறைக்காது. நோயாளியின் பக்கத்திலிருந்து போட்டுப் பார்ப்போம். மூளைத் தொற்று வந்தவர் நாளைக்கு 75 மில்லிகிராம் எடுக்க வேண்டியிருந்தால், 25 மில்லிகிராம் மாத்திரை மூன்று. குறைந்தது ஆறு வாரம் என்றால் 126 மாத்திரை. முதல் நாள் கொடுக்கும் கூடுதல் மாத்திரைகளைச் சேர்க்காமலே பழைய விலையில் 1,701 டாலர் ஆகும். புது விலையில் 94,500 டாலர். கூடவே வேறு இரண்டு மருந்துகளும் சாப்பிட வேண்டும், அது தனிச் செலவு.

இன்னொன்று. ஷ்க்ரெலி வருவதற்கு முன்பே இந்த விலை ஏறத் தொடங்கிவிட்டது. கிளாக்ஸோஸ்மித்க்லைன் கையில் இருந்தபோது மாத்திரை ஒரு டாலர் அளவில்தான் விற்றது. 2010-இல் அமெரிக்க உரிமை கை மாறியது, விலை பல மடங்கானது. அப்போது யாரும் தெருவுக்கு வரவில்லை.

காப்புரிமை எப்போதோ முடிந்துபோன மருந்து. வேறு யாராவது செய்து மலிவாக விற்க வேண்டியதுதானே?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

ஆண்டுக்கு 2,000 நோயாளிகள் உள்ள சந்தை. ஒரு ஜெனரிக் நிறுவனம், அதாவது காப்புரிமை முடிந்த மருந்தை அசலைப் போலவே செய்து விற்கும் நிறுவனம், உள்ளே வர வேண்டும் என்றால் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதிக்கு லட்சக்கணக்கில் டாலர் செலவு, வருடக்கணக்கில் காத்திருப்பு. மாத்திரை 13 டாலருக்கு விற்கும்போது அந்தச் செலவு கட்டுபடியாகாது. அதனால் காப்புரிமை இல்லாமலே டாராப்ரிம் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. ஷ்க்ரெலி கண்டுபிடித்தது மருந்தை அல்ல, இந்த ஓட்டையை. 2015 ஆகஸ்டில் 5.5 கோடி டாலர் கொடுத்து இம்பாக்ஸ் நிறுவனத்திடமிருந்து உரிமையை வாங்கினார்.

சரி, 750 டாலர் ஆன பிறகு போட்டியாளர்கள் ஓடி வந்திருக்க வேண்டுமே? வந்தார்கள். அவர்களைத் தடுக்கக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன.

ஒரு ஜெனரிக் மாத்திரைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றால், அசல் மாத்திரையும் தங்கள் மாத்திரையும் உடலில் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று சோதித்துக் காட்ட வேண்டும். அதற்கு அசல் மாத்திரை சில குப்பிகள் வேண்டும். டாராப்ரிமோ சாதாரண மருந்துக் கடையில் கிடைக்காது, குறிப்பிட்ட விநியோகஸ்தர்கள் வழியாக மட்டும்தான். யாருக்கு விற்கலாம், எத்தனை விற்கலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒருமுறை ஒரு விநியோகஸ்தர் ஐந்து குப்பிகளை ஒரு ஜெனரிக் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். விஷயம் தெரிந்ததும் ஷ்க்ரெலியின் நிறுவன அதிகாரி ஒருவர் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையின் கார் நிறுத்துமிடத்தில் அந்த விநியோகஸ்தரைச் சந்தித்து, ஐந்தையும் 7,50,000 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார். விற்பனை விலையைப் போல இரண்டு மடங்கு! சினிமாக் காட்சி மாதிரி இருக்கிறது, ஆனால் நீதிமன்ற ஆவணத்தில் இருப்பது.

அப்புறம் மூலப்பொருள். பைரிமெத்தமைனைத் தயாரித்துத் தரக்கூடிய நிறுவனங்களே உலகில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஜப்பானில் ஒன்றோடும், நம் பெங்களூரில் ஒன்றோடும், எங்களைத் தவிர வேறு யாருக்கும் தராதீர்கள் என்ற ஒப்பந்தம் போடப்பட்டது. பெங்களூர் நிறுவனத்தை நம்பியிருந்த ஜெனரிக் தயாரிப்பாளர்கள் நடுவழியில் நின்றார்கள். போதாக்குறைக்கு, எவ்வளவு மருந்து விற்கிறது என்ற புள்ளிவிவரம்கூடச் சந்தை ஆய்வு நிறுவனங்களுக்குப் போகாதபடி விநியோகஸ்தர்களின் வாயும் அடைக்கப்பட்டது. சந்தை எவ்வளவு பெரிது என்று தெரியாதவன் முதலீடு போட யோசிப்பான் அல்லவா?

முதல் ஜெனரிக் பைரிமெத்தமைனுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது 2020 பிப்ரவரி கடைசியில். விலையேற்றம் நடந்து நாலரை வருடம் கழித்து.

விலையேற்றத்துக்கு அவர் சொன்ன நியாயம் என்ன?

ஒன்றல்ல, பல. கேட்பவருக்கு ஏற்ற மாதிரி மாறும்.

முதலாவது: மருந்து அடிமாட்டு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது, நியாயமான விலைக்குக் கொண்டுவந்தோம் என்பது. ஆஸ்டன் மார்ட்டின் காரை சைக்கிள் விலைக்கு விற்றுக்கொண்டிருந்த கம்பெனியை நாங்கள் வாங்கி, டொயோட்டா விலை கேட்கிறோம், இது குற்றமா என்று கேட்டார். நல்ல வியாபாரப் பேச்சு. ஆனால் கார் வேண்டாம் என்று பஸ்ஸில் போகிறவர் உண்டு. மூளையில் ஒட்டுண்ணி இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

இரண்டாவது: வரும் லாபத்தை வைத்து இதைவிடச் சிறந்த டாக்சோபிளாஸ்மோசிஸ் மருந்து கண்டுபிடிப்போம் என்பது. தொற்றுநோய் மருத்துவர்கள் பலர், இருக்கும் மருந்தே வேலை செய்கிறது, அது கைக்கெட்டும் விலையில் கிடைத்தால் போதும் என்றார்கள்.

மூன்றாவதுதான் அவரை வேறு ரகமாக்கியது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஃபோர்ப்ஸ் பத்திரிகை நடத்திய மருத்துவத் துறை மாநாட்டில், திரும்ப வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். இன்னும் அதிகமாக ஏற்றியிருப்பேன் என்றார். இது முதலாளித்துவ சமூகம், முதலாளித்துவ விதிகள், லாபத்தைப் பாதியோ 70 சதவீதமோ எடுத்தால் போதும் என்று என் முதலீட்டாளர்கள் நினைக்கவில்லை, முழுசாக 100 சதவீதம் எதிர்பார்க்கிறார்கள், எம்.பி.ஏ. வகுப்பில் சொல்லிக் கொடுப்பதே அதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை என்பது அவர் பதிலின் சாரம்.

மேடைக்கு வெளியே எழுதியது இன்னும் சுருக்கம். உரிமையை வாங்கும் பேச்சுவார்த்தை நகர்ந்தபோது, நூறு கோடி டாலர் இதோ வருகிறது என்று மின்னஞ்சல் அனுப்பினார். வாங்கியபின் இன்னொன்றில் கணக்கே போட்டிருக்கிறார்: 100 மாத்திரை கொண்ட குப்பி 1,700 டாலரிலிருந்து 75,000 டாலர், பணம் கட்டி வாங்குவோர் மூலம் 5,000 குப்பி போனால் 37.5 கோடி டாலர்; கிட்டத்தட்ட அத்தனையும் லாபம்; மூன்று வருடமாவது ஓடும். புது மருந்து ஆராய்ச்சி அந்த வரிகளில் எட்டிப்பார்க்கவே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2016-இல் இந்த மின்னஞ்சல்களை வெளியிட்டது.

ஏழைகளுக்கு ஒரு சென்ட்டுக்குக் கொடுத்தாராமே? மற்றவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம்தானே கட்டுகிறது?

பாதி உண்மை. ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டுக்கு, சட்டப்படி கொடுக்க வேண்டிய தள்ளுபடியைக் கழித்தால் மாத்திரைக்கு ஒரு சென்ட் அளவில்தான் வந்தது. அதை நிறுவனம் தாராள மனசாகக் காட்டிக்கொண்டது. சட்டம் வாங்கிக் கொடுத்த தள்ளுபடிக்குத் தனக்குத்தானே மாலை போட்டுக்கொண்ட கதை.

மருத்துவமனைகள்தான் அதிகம் மாட்டின. இந்த நோயாளிகளில் பலர் அவசர நிலையில் உள்நோயாளியாகச் சேர்கிறவர்கள். முதல் மாத்திரைகளை மருத்துவமனை தன் கையிருப்பிலிருந்துதான் கொடுக்க வேண்டும். சிறிய மருத்துவமனைகள் 75,000 டாலர் குப்பியை வாங்கி வைக்க முடியுமா? தொற்றுநோய் மருத்துவர் சங்கங்கள் செப்டம்பர் 2015-இலேயே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதின. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தபோது விலையைக் குறைப்பேன் என்று தொலைக்காட்சியில் சொன்னார். நவம்பரில் வந்த அறிவிப்பில் மருத்துவமனைகளுக்குச் சலுகை இருந்தது, பட்டியல் விலை 750 அப்படியே இருந்தது.

காப்பீடு கட்டுகிறது என்பதும் அப்படித்தான். காப்பீட்டு நிறுவனம் எங்கிருந்து கட்டும்? எல்லாருடைய பிரீமியத்திலிருந்தும்தான்.

முதலாளித்துவ விதிப்படி நடந்தேன் என்கிறார். அதில் தப்பு என்ன?

அந்த விதியைப் பிரபலமாக்கியவர் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன். நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவது மட்டுமே என்று 1970-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அதன் வாலை வெட்டிவிடுகிறார்கள். ஆட்ட விதிகளுக்குள் நின்று, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல், திறந்த போட்டியில் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

ஷ்க்ரெலி இதில் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். நீதிமன்றங்கள் உறுதி செய்தபடி, முதலீட்டாளர்களிடம் மோசடி செய்தார். போட்டியைச் சட்டவிரோதமாக அடைத்தார். ஆக, முதலாளித்துவத்தின் தீவிர ஆதரவாளர் வைத்த அளவுகோலிலேயே அவர் தேறவில்லை. சந்தையின் குணம் போட்டி வந்தால் விலை இறங்குவது. இறங்கிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அந்தக் கார் நிறுத்துமிடச் சந்திப்பு. ஆகவே, அவர் முதலாளித்துவத்தின் முகமூடியைக் கழற்றிக் காட்டினார் என்று சொல்லும் இடதுசாரி நண்பர்களோடும், சந்தையை நம்பியவர் என்று சொல்லும் வலதுசாரி நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர் சந்தையைக் கண்டு பயந்தவர்.

அவர் பேச்சில் ஒரு உண்மை மட்டும் உண்டு. அமெரிக்காவில் மருந்து விலைக்கு அன்று உச்சவரம்பு கிடையாது. 750 என்று விலை வைத்தது மட்டும் என்றால், அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

அப்படியானால் எதற்காகச் சிறைக்குப் போனார்?

டாராப்ரிமுக்காக அல்ல. 2015 டிசம்பர் 17-இல் கைதானது பங்கு மோசடிக் குற்றச்சாட்டில், அதுவும் அதற்கு முந்தைய முதலீட்டு நிதிகள், ரெட்ரோஃபின் தொடர்பாக. நிதியில் பணம் கரைந்துபோன பிறகும் நன்றாக ஓடுகிறது என்று முதலீட்டாளர்களுக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் 3.5 கோடி டாலர் நிர்வகிக்கிறேன் என்று ஒருவரிடம் சொன்னபோது, கணக்கில் ஆயிரம் டாலர்கூட இல்லை.

2017 ஆகஸ்டில் புரூக்ளின் நீதிமன்றத்தில் எட்டுக் குற்றச்சாட்டுகளில் மூன்று நிரூபணமாயின, ஐந்தில் விடுதலை. 2018 மார்ச் 9-இல் நீதிபதி கியோ மட்சுமோட்டோ ஏழு வருடச் சிறை விதித்தார். 73.6 லட்சம் டாலர் பறிமுதல், 75,000 டாலர் அபராதம் வேறு. அன்று நீதிமன்றத்தில் அழுதார்.

ஆனால் அந்த முதலீட்டாளர்கள் கடைசியில் லாபம்தானே பார்த்தார்கள்?

பலர் பார்த்தார்கள். அவரது வழக்கறிஞர்களின் முக்கிய வாதமே அதுதான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ரெட்ரோஃபின் நிறுவனத்தின் பங்குகளையும் பணத்தையும், பெயருக்குப் போட்ட ஆலோசனை ஒப்பந்தங்கள் வழியாக எடுத்துக் கொடுத்தார் என்பது அரசுத் தரப்பு. ரெட்ரோஃபின் தொடர்பான பெரிய குற்றச்சாட்டில் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பொய் சொல்லிப் பணம் வாங்கியது குற்றம். பிறகு திருப்பிக் கொடுத்ததால் அது அழியாது என்பது அமெரிக்கச் சட்டம். நம் சீட்டுக் கம்பெனி அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாடாளுமன்றக் குழு முன் சிரித்தாராமே?

2016 பிப்ரவரி 4. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதிலிருந்து பாதுகாப்புத் தரும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லி எந்தக் கேள்விக்கும் பதில் தர மறுத்தார். உங்கள் பெயரைச் சரியாக உச்சரித்தேனா என்று ஓர் உறுப்பினர் கேட்டதற்கு மட்டும், ஆமாம் சார் என்றார். மற்ற நேரமெல்லாம் உதட்டோரச் சிரிப்பு, பார்வை எங்கேயோ. எலைஜா கம்மிங்ஸ் என்ற மூத்த உறுப்பினர், வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மருந்து வாங்க முடியாதவர்களைப் பற்றிப் பேசினார். வெளியே வந்ததும், இந்த மடையர்கள்தான் மக்களின் பிரதிநிதிகளா என்ற பொருளில் ஷ்க்ரெலி ட்வீட் போட்டார். அவரது வழக்கறிஞர் அது பதற்றச் சிரிப்பு என்று சமாளித்தார்.

சட்டப்படி வாய் திறக்காமல் இருந்தது சரியான முடிவு, கிரிமினல் வழக்கு நடந்துகொண்டிருந்ததே. ஒரே ஒரு மணி நேரம் விரல்களையும் சும்மா வைத்திருக்கலாம்.

ஏன் இவ்வளவு புகழ் தேடினார்?

மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாது, செய்தவற்றைப் பார்க்கலாம். வூ-டாங் கிளான் என்ற ராப் குழு ஒரே ஒரு பிரதி மட்டும் வெளியிட்ட ஆல்பத்தை 2015-இல் 20 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். வணிக ரீதியாக 88 வருடம் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை உள்ள ஆல்பம். ட்ரம்ப் ஜெயித்ததும் அதில் கொஞ்சத்தை இணையத்தில் ஒலிக்கவிட்டார். மணிக்கணக்கில் யூடியூபில் நேரலை. ஒரு பெண் பத்திரிகையாளரை விடாமல் சீண்டியதற்காக 2017 ஜனவரியில் ட்விட்டர் கணக்கு முடக்கம். திட்டினவர்களுக்கெல்லாம் திருப்பிப் பதில். வெறுப்பையும் ஒருவகைக் கவனமாக எண்ணி ரசித்தார் என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் புகழ் அவருக்கு விலை வைத்தது. விசாரணைக்கு ஜூரி தேர்வு செய்தபோது, இவரைப் பற்றி ஏற்கெனவே தீர்மானம் செய்துவிட்டோம் என்று சொன்னவர்கள் இருநூறு பேருக்கு மேல் கழிக்கப்பட்டார்கள். ஒருவர், இவர் வூ-டாங் கிளானை அவமதித்தவர் என்று காரணம் சொன்னார். பிறகு, தீர்ப்பாகி ஜாமீனில் இருந்தபோது, ஹிலாரி கிளின்டனின் தலைமுடி ஒன்றைப் பறித்துவந்தால் 5,000 டாலர் தருகிறேன் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். விளையாட்டு என்றார். நீதிபதி அதைத் தாக்குதலுக்குத் தூண்டுவதாகப் பார்த்தார், ஜாமீனை ரத்து செய்து உள்ளே அனுப்பினார். அவருக்காக வாதாடிய பெஞ்சமின் பிராஃப்மனே, சில நேரம் இவரைக் கட்டியணைக்கத் தோன்றும், சில நேரம் முகத்தில் ஒரு குத்து விடத் தோன்றும் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார்.

மற்ற மருந்து நிறுவனங்கள் இப்படிச் செய்யவில்லையா?

செய்தன, சத்தமில்லாமல். வேலியன்ட் என்ற நிறுவனம் 2015-இல் ஐசுப்ரெல், நைட்ரோபிரஸ் என்ற இரண்டு பழைய இதய மருந்துகளை வாங்கிய கையோடு ஒன்றை 525 சதவீதமும் மற்றதை 212 சதவீதமும் ஏற்றியது. அதன் தலைமை அதிகாரியும் அதே பிப்ரவரி 4 விசாரணைக்கு வந்திருந்தார். அடக்கமாகப் பேசினார், வீடு போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஒவ்வாமைக்கான எபிபென் ஊசி 2007-இல் இரண்டுக்கு 100 டாலர் அளவில் இருந்து 2016-இல் 600 டாலரானது. ஷ்க்ரெலியே 2014-இல் தயோலா என்ற சிறுநீரகக் கல் மாத்திரையை ஒன்றரை டாலரிலிருந்து 30 டாலராக்கினார்; பெரிய எதிர்ப்பு வரவில்லை.

அதே 2015-இல் நடந்த இன்னொன்றை நான் அடிக்கடி சொல்வதுண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான சைக்ளோசெரின், 30 மாத்திரை 500 டாலரிலிருந்து 10,800 டாலராக ஏற்றப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும், வாங்கிய நிறுவனம் உரிமையை முந்தைய லாபநோக்கமற்ற அமைப்பிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. விலை 1,050-க்கு இறங்கியது. பின்வாங்குவது முடியாத காரியம் ஒன்றுமில்லை.

ஷ்க்ரெலி ஒரு வகையில் இந்தத் துறைக்குப் பேருதவி செய்தார். எல்லாக் கோபமும் ஓர் ஆளின் சிரிப்பின் மேல் போய் விழுந்தது. மற்றவர்கள் குடைக்குள் நின்றுகொண்டார்கள்.

பள்ளி மாணவர்களே அந்த மருந்தைச் செய்துவிட்டார்களாமே?

ஆமாம். 2016-இல் சிட்னி கிராமர் பள்ளி மாணவர்கள், சிட்னி பல்கலைக்கழக வேதியியலாளர் மேத்யூ டாட் வழிகாட்டுதலில், பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே 3.7 கிராம் பைரிமெத்தமைன் தயாரித்தார்கள். செலவு சுமார் 20 டாலர். டூரிங் விலைப்படி அது 148 மாத்திரை, 1,11,000 டாலர். தயாரிப்பது கஷ்டமில்லை, அனுமதி வாங்கி விற்பதுதான் கஷ்டம் என்பதால் அமெரிக்க நோயாளிக்கு இதனால் ஒரு பைசா மிச்சமாகவில்லை. ஷ்க்ரெலியும் ஆள்கூலி, கருவிச் செலவையெல்லாம் யார் கணக்கில் எடுப்பது என்று கிண்டலடித்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்.

இந்தியாவில் இப்படி நடக்குமா?

இதே உருவத்தில் நடப்பது கஷ்டம். 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை உண்டு. பட்டியலில் இல்லாதவற்றின் எம்.ஆர்.பி.யையும் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பைரிமெத்தமைன் இங்கே சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை. நம் பிரச்சினை வேறு இடத்தில்: அரிய நோய்களுக்கான புதிய, காப்புரிமை உள்ள மருந்துகள். 16 கோடி ரூபாய் ஊசிக்காகத் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது எல்லாருக்கும் தெரியும்.

லாபமும் மருந்தும் சேரவே சேராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர்: சிப்லாவின் யூசுஃப் ஹமீத். எய்ட்ஸ் கூட்டு மருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001-இல் 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் முன்வந்தார். அவரும் முதலாளிதான், சிப்லாவும் லாபம் பார்க்கும் கம்பெனிதான்.

டாராப்ரிமுக்காக அவருக்குத் தண்டனையே கிடையாதா?

உண்டு, தாமதமாக. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் வழக்குப் போட்டன. பிறகு வேறு சில மாநிலங்களும் சேர்ந்தன. அதற்குள் டூரிங் தன் பெயரை வியேரா என்று மாற்றிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில் நிறுவனம் 4 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டு ஒதுங்கியது. ஷ்க்ரெலி மட்டும் வழக்காடினார்.

2022 ஜனவரி 14-இல் நீதிபதி டெனிஸ் கோட் தீர்ப்பு: 6.46 கோடி டாலர் கட்ட வேண்டும், மருந்துத் துறையில் வாழ்நாள் தடை. சிறையில் இருந்தபடியே, திருட்டுத்தனமாக வைத்திருந்த செல்போனிலும் நிறுவனத்தை ஆட்டிவைத்திருக்கிறார் என்பது விசாரணையில் தெளிவாயிற்று. இங்கேயும் குற்றம் 750 டாலர் அல்ல; போட்டியை அடைத்ததுதான். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பை உறுதி செய்தது, அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது.

அப்புறம் என்ன ஆனார்?

2022 மே மாதம் சிறையிலிருந்து வெளியே வந்தார். இரண்டு மாதத்தில் மருந்து ஆராய்ச்சிக்கான மென்பொருள் என்று டிரக்லைக் என்ற ஒன்றை அறிவித்தார். இது மருந்துத் தொழில் ஆகாது என்பது அவர் கட்சி. வியேரா 2023-இல் திவாலானது.

வூ-டாங் ஆல்பத்தை அரசு பறிமுதல் செய்து 2021-இல் விற்றது. வாங்கியது பிளீசர்டாவ் என்ற கிரிப்டோ கூட்டமைப்பு. ஷ்க்ரெலியோ பிரதி எடுத்து வைத்திருப்பதாகத் தானே பேசி, நேரலையில் ஒலிக்கவிட்டார். 2024-இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். கையில் உள்ள பிரதிகளையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.